ஹமூத் வாங்கி வைத்த ஷாஃப்ட்

சினாவ்
12 மார்ச் 1997

ஹம்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரே கணவருக்கு மனைவிகளாக இருந்தும் நாம் இருவரும் இதுவரை எழுதிக்கொண்டதில்லை. இனியும் எழுத வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். உன் பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஒப்படைக்கத்தான் இந்தக் கடிதம்.

உன் வண்டிக்கான ஷாஃப்ட் என் வீட்டுச் சாமான் அறையில் கிடந்தது. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான இரும்புத் தண்டு. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் ஹமூத் தேடி வாங்கினாராம். அன்று காலை அதைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். "இது ஹம்தா வண்டிக்கு. யாரும் மிதிச்சுடாதீங்க" என்றார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான். யாரும் என்றது என்னைத்தான்.

தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, மேலுக்கு முடியவில்லை என்று படுத்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனேன். மூச்சு நின்றிருந்தது. அவர் தம்பி ஹிலால்தான் வந்து எல்லாம் செய்தான். இருட்டுவதற்கு முன் அடக்கம் ஆகிவிட்டது. உனக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை என்று ஹிலால் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று அவர் இந்த வீட்டுக்கு வந்ததே இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவும் ஷாஃப்ட் வாங்க வந்தார். இதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை.

இறந்தவர் வீட்டிலிருந்து அழுக்கோடு எதுவும் வெளியே போகக் கூடாது என்பார்கள். அவர் துணிகளை, செருப்பை, தண்ணீர்க் குடுவையை எல்லாம் கழுவிக் கொடுத்தாகிவிட்டது. ஷாஃப்டையும் கழுவியிருக்கிறேன். அது ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரண்டு துண்டு. இழுத்தால் பிரிகிறது. உள்ளே பழைய கிரீஸும் மணலும் களிம்பாக இருந்தன. கணவனை இழந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பவள் தொடக்கூடிய வாசமில்லாத சோப்பைப் போட்டு, பல் பல்லாகத் தேய்த்துக் காயவைத்து, தூக்க வசதியாக இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றியிருக்கிறேன். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் உன் மாமா மர்ஹூனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நதீரா


மணல்ல இருந்து
மார்ச் 16 (மாமா சொன்ன கணக்கு)

நதீரா அக்காவுக்கு ஸலாம்.

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். கிணத்தடியில பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தாங்களே, அங்கே ரெண்டு குளிர்காலம் படிச்சது. நீங்க டீச்சர். தப்பைச் சிவப்பு மையில சுழிச்சு திருப்பி அனுப்பிடாதீங்க.

ஷாஃப்ட் வந்துச்சு. புள்ளைத்தாய்ச்சி பெத்த ரெட்டைப் புள்ளை மாதிரி ரெண்டு துணி மூட்டை. எம்மக மௌஸா ஓடிவந்து "வாப்பா வந்துட்டாரா"ன்னு மூட்டையைத் தொட்டுப் பாத்தா. அஞ்சு வயசு. மாமா திரும்பிக்கிட்டு ஒட்டகத்துக் கால்கட்டை அவுக்குற மாதிரி பாவனை பண்ணினார். அது கட்டவே இல்ல.

அக்கா, உங்க வீட்டுக்கு அவர் ஷாஃப்டுக்காக வந்தாருன்னு எழுதியிருக்கீங்க. சரி. என்கிட்ட ரெண்டு நாள்ல வர்றேன்னு சொல்லிட்டுப் போனார். நீங்க முகத்தைப் பாத்தீங்க. கடைசித் தண்ணி குடுத்தீங்க. எனக்கு மூணாம் நாள் மாமா வந்து தலைப்பாகையைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தார். அதுதான் சேதி. யாருக்கு அதிகம் கிடைச்சுதுன்னு கணக்குப் பாக்க வேணாம். பாத்தா எனக்குத்தான் கோவம் வரும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்க ஆளுங்க எல்லாரும் வெயிலுக்கு முன்னாடி கலூஃப் கடற்கரைக்குப் போயிட்டாங்க, மீன் காலம். நான் இத்தாவுல இருக்கேன். அவர் என்னைக் குடிவெச்ச ஓலைக் குடில்லதான் இருந்து முடிக்கணும். நானும் உம்மாவும் மௌஸாவும் ஆடுகளும் மட்டும்தான். கிணறு மணல் முகட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போயித் தண்ணி கொண்டுவர வண்டி வேணும். பழைய ஷாஃப்டோட முனையில வளைஞ்சு குடுக்குற கிராஸ் உடைஞ்சு, சொருகுற பல்லெல்லாம் மழுங்கி, ரெண்டு பாதியும் தனித்தனியா சுத்துது. முன்சக்கரத்தை மட்டும் வெச்சு ஓட்டிப் பாத்தேன். முகட்டு அடியிலயே ஆடு மாதிரி மூக்கைப் புதைச்சுக்கிச்சு. இப்போதைக்கு மாமா ஒட்டகத்துல தோல்பை தோல்பையா கொண்டாறார். வெயில் ஏறினா பத்தாது.

ஹிலால் ஆள் அனுப்பியிருக்கார். "பொம்பளைங்க தனியா எதுக்கு, சினாவுக்கு வந்து என் வீட்டுப் பின்கட்டுல இருங்க, ஆட்டை என் மந்தையில சேத்துக்கறேன், வண்டியைத் தோட்டத்துக்கு எடுத்துக்கறேன்"னு. உம்மாவுக்கு அரை மனசு வந்துடுச்சு. எனக்குக் கால் மனசு கூட இல்ல. வண்டி ஓடினா நான் என் வீட்டுல இருப்பேன். ஓடலைன்னா அவர் பின்கட்டுல இருப்பேன். அவ்வளவுதான்.

நட்டு போல்ட்டெல்லாம் எனக்குப் பழக்கம். அவர் கூடப் படுத்துக்கிட்டு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவ நான். ஆனா ஷாஃப்டைக் கழட்டி மாட்டினதில்ல. "புத்தகம் அங்கே, ஸ்பேனர் இங்கே, நடுவுல நான்"னு சொல்லிச் சிரிப்பார். அந்த வண்டி ரிப்பேர் புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு? பாத்து எழுதுங்க. மாமா வண்டியைப் பாத்தா ஒட்டகத்தைத் தட்டுற மாதிரி தட்டிக் குடுப்பார். அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் தெரியாது.

ஹம்தா


சினாவ்
26 மார்ச் 1997

ஹம்தா,

புத்தகம் கிடைத்தது. அவர் அலமாரியின் மேல் தட்டில், நான் ஏணி போட்டால் மட்டும் எட்டும் இடத்தில். குவைத்தில் கல்லூரியில் படித்த ஆங்கிலம் இப்படி உதவும் என்று என் தகப்பனார் நினைத்திருக்க மாட்டார். இரண்டு நாள் படங்களை மட்டும் பார்த்தேன். அவர் விரல் பட்டுக் கறுத்த பக்கங்கள் எவையென்று பார்த்தால் போதும், அவைதான் வேண்டிய பக்கங்கள்.

முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படிக்கலாம். உன் வண்டியில் கைப்பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியின் பின்னால், ஷாஃப்டின் தலைமாட்டில் இருக்கிறது. ஷாஃப்ட் கழன்றவுடன் கைப்பிரேக்குக்குப் பின்சக்கரத்தோடு தொடர்பு அறுந்துவிடும். நீ இழுத்துவைத்தது இழுத்தபடியே இருக்கும், வண்டி மட்டும் உருளும். நீ அடியில் படுத்திருப்பாய். அதனால் சமதரையில் நிறுத்து. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வை. கல் இல்லாவிட்டால் மரக்கட்டை. மணலை நம்பாதே.

பிறகு: ஒவ்வொரு முனையிலும் நான்கு நட்டுகள். கழற்றும்போது தண்டு சுற்றாதபடி பிடித்துக்கொள். பின்முனையை முதலில் விடு, கைகொடுத்து இறக்கு, பிறகு முன்முனை. புதியதை மாட்டும்போது முன்முனை முதலில். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கு, ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதே. சொருகும் பற்களில் புதுக் கிரீஸ் தடவு. நான் கழுவிவிட்டதால் அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. வேலைக்கு முன் வண்டியை ஜாக்கியால் தூக்கி நிறுத்தச் சொல்கிறது புத்தகம்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்பதா வேண்டாமா என்று இந்தத் தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்துவிட்டேன். அங்கே அவர் பேசுவாரா? இங்கே பேசமாட்டார். சாப்பிடுவார், வானொலி கேட்பார், என் மாணவிகளின் விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்து வைத்துவிடுவார். இருபது வருடம். பேச்செல்லாம் உன்னிடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் பிறகு வரவில்லை. பள்ளியில் எனக்குப் பதிலாக ஒரு எகிப்துப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி தட்டில் சோறு வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். வியாழக்கிழமை மட்டும் சந்தையிலிருந்து ஆடுகளின் சத்தம் சுவர் தாண்டி வருகிறது. மர்ஹூன் வாசலில் இருமுகிறார். அந்த இருமலுக்காகக் காத்திருக்கிறேன் என்பது போன வாரம்தான் எனக்கே தெரிந்தது.

நதீரா


மணல்ல இருந்து
ஏப்ரல் 6

அக்கா,

மாட்டியாச்சு. ஆனா சந்தோசப்படாதீங்க, முழுசாப் படிங்க.

புத்தகம் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லுதுன்னு எழுதியிருந்தீங்க. மணல்ல ஜாக்கி வெச்சா ஜாக்கிதான் உள்ள போகும், வண்டி மேல வராது. நாங்க தலைகீழாச் செய்வோம். வண்டி அங்கேயே நிக்கும், அடியில மணலைத் தோண்டி ஆள் படுக்குற குழி எடுப்போம். நீங்க சொன்னபடி கட்டை வெச்சுட்டு, வெயிலுக்கு முன்னாடி தோண்டினேன். உம்மா குடில் வாசல்ல கஹ்வாவுக்குக் காப்பிக்கொட்டையை இடிச்சுக்கிட்டே பாத்துச்சு.

"என்னடி இது, நீளம் அகலம் பாத்தா கபுர்க் குழி மாதிரி இருக்கு. இத்தாவுல இருக்குறவ தானே தோண்டிப் படுக்குறதை நான் கண்டதில்ல."

"வண்டி ரிப்பேர் உம்மா."

"இத்தாவுல வாசனை பூசக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"கிரீஸ் வாசனையா? இதை மோந்தா எந்த ஆம்பளை வருவான்?"

"உன் புருசன் வந்தானே. பதினோரு வருசம் இந்த நாத்தத்தோடதானே வந்தான்."

அதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் உம்மா இடிக்குறதை நிறுத்திடுச்சு. நானும் கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே படுத்துக் கெடந்தேன். மேலே இரும்பு, எண்ணெய் சொட்டின கறை. அவர் பாத்துக்கிட்டு இருந்த அதே இடத்தை நானும் பாத்தேன்.

நட்டுல மூணு சுலபமா வந்துச்சு. நாலாவது மேல் பக்கம், கை போகலை. ஷாஃப்டைச் சுத்தணும்னா வண்டி நகரணும். கட்டையை எடுத்துட்டு நானும் உம்மாவும் தள்ளினோம். உம்மா தள்ளுச்சா சாஞ்சு நின்னுச்சான்னு தெரியல, ஆனா திட்டுச்சு பாருங்க, வண்டி அதுக்கே நகந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள பழசு கீழே, புதுசு மேலே. குறுக்குக் குறுக்காதான் முடுக்கினேன்.

காலையில எடுத்துப் பாத்தேன். மெதுவா போறப்ப ஒண்ணுமில்ல. முகட்டுல ஏறணும்னா தூரத்துல இருந்தே வேகம் எடுத்து வரணும், தெரியுமில்ல? வேகம் எடுத்த உடனே அடியில இருந்து ஒரு நடுக்கம். சீட்டு நடுங்குது, கண்ணாடி நடுங்குது, எம் பல்லே நடுங்குது. காய்ச்சல் வந்த ஒட்டகத்து மேல உக்காந்த மாதிரி. பயந்து காலை எடுத்துட்டேன். முகட்டுப் பாதியில நின்னு பின்னாடியே வழுக்கி வந்துட்டோம். நட்டெல்லாம் திரும்ப முடுக்கிப் பாத்தேன். அப்படியேதான் இருக்கு. என்ன தப்புன்னு புத்தகத்துல பாருங்க. சீக்கிரம்.

நீங்க கேட்டதுக்குப் பதில். இங்கேயும் பேசமாட்டார் அக்கா. வண்டிகிட்டதான் பேசுவார். "என்ன உனக்கு, எங்கே வலிக்குது"ன்னு. எனக்குக் கோவம் வரும். டீச்சர் பொண்டாட்டி, படிச்சவங்க, பேச விசயம் இருக்கும், எல்லாத்தையும் சினாவுலயே பேசித் தீத்துட்டு வர்றார்னு நெனச்சேன்.

ஹம்தா


மணல்ல இருந்து
ஏப்ரல் 27

அக்கா,

மாமா ரெண்டு வியாழக்கிழமையா வெறுங்கையோட வர்றார். பெருநாள் வாரம் சந்தை இல்லைன்னு முதல்ல விட்டேன். போன வாரம் கேட்டா, "வாசல்ல இருமினேன், உள்ளேர்ந்து இன்னும் எழுதி முடிக்கலைன்னு சத்தம் வந்துச்சு"ங்கறார். புத்தகத்துல இல்லைன்னா இல்லைன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?

வெயில் ஏறிடுச்சு. மாமாவோட ஒட்டகம் கால் நொண்டுது. ரெண்டு குட்டி செத்துப்போச்சு. மௌஸா உதட்டை நக்கிக்கிட்டே இருக்கா, வெடிச்சு ரத்தம் வருது. வேற வழியில்லாம ஹிலால்கிட்ட தண்ணி கேட்டனுப்பினேன். லாரியோட வந்தார். நான் குடிலுக்குள்ள, அவர் வெளியே, நடுவுல உம்மா.

"ஒரு தொட்டி நிரப்பிட்டேன். அடுத்த தொட்டி சினாவுலதான். அடுத்த சனிக்கிழமை லாரி வரும், ஏறிக்கங்க" அப்படின்னார்.

"என் மருமகனோட வண்டி இருக்கு"ன்னு உம்மா சொல்லுச்சு.

"அது வண்டியா? ஆடுற தொட்டில். தூங்கவெக்கலாம், ஏற முடியாது."

உள்ளே நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வண்டி ஆடுறது நெஜம்தானே.

இந்த வியாழன் உங்க பதில் வரணும். வரலைன்னா சனிக்கிழமை ஏறிடுவேன். அதுக்கப்புறம் உங்களுக்குப் பக்கத்துத் தெருவுலதான் இருப்பேன், கடுதாசிக்கு வேலை இருக்காது.

ஹம்தா


சினாவ்
வியாழன் காலை, 1 மே 1997

ஹம்தா,

மர்ஹூன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சந்தைக்குப் போகாமல் உடனே திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஆடுகளைக் கத்தவிட்டுக்கொண்டு காத்திருக்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

தவறு என்னுடையது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்துக்கொள்ளும் கவை இருக்கிறது அல்லவா, மாட்டுக்கொம்பு போல. ஒரு கவை படுத்திருந்தால் மற்றதும் படுத்திருக்க வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் ஒரு முனையின் திமிறலை இன்னொரு முனை சரிக்கட்டும். மாறியிருந்தால் இரண்டு திமிறலும் சேர்ந்துகொள்ளும். அதுதான் நடுக்கம். அப்படியே ஓட்டினால் புதுக் கிராஸும் உடையும்.

இரண்டு துண்டையும் பிரித்தவள் நான். அவற்றின் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இருந்தது, இரண்டு துண்டுக்கும் சேர்த்து இழுத்தது. எந்தப் பல் எந்தப் பல்லில் சேர வேண்டும் என்பதற்காக அவர் போட்ட அடையாளம். நான் அதையும் அழுக்கென்று தேய்த்துப் போக்கினேன். சுத்தமாக அனுப்ப வேண்டும் என்ற வைராக்கியத்தில்.

செய்ய வேண்டியது: பின்முனையின் நான்கு நட்டை மட்டும் கழற்று. அந்தப் பாதியை இழுத்து வெளியே எடு. ஒரு பக்கமாகக் குனிந்து முன்கவையைப் பார். கையிலிருக்கும் கவையை அதே போக்கில் திருப்பிவைத்து, பற்களைப் பொருத்தி உள்ளே தள்ளு. மாட்டுவதற்கு முன் நீயே ஒரு கோடு போட்டுவிடு. கட்டை வைக்க மறக்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமலும் இருக்கலாம், நீ நம்பியிருப்பாய். உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று மாலையே இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். படத்தோடு இருக்கிறது. எழுதி, மடித்து, புத்தகத்துக்குள் வைத்தேன். வியாழன் வந்தது. மர்ஹூன் இருமினார். இதைக் கொடுத்தால் உன் வண்டி ஓடும், நீ எழுதமாட்டாய் என்று தோன்றியது. அந்த ஒரு வாரம் மட்டும் என்று நினைத்தேன். உன் கிணற்றுப் பக்கம் வெயில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா, இருபது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். தெரியும். நினைக்காமல் இருந்தேன். குட்டிகள் செத்ததும் மௌஸாவின் உதடும் என் கணக்கில்.

மன்னிப்புக் கேட்க இடமில்லை, தாள் முடிகிறது. மர்ஹூன் எழுந்து நின்றுவிட்டார்.

நதீரா


மணல்ல இருந்து
மே 4

நதீரா அக்காவுக்கு,

சனிக்கிழமை விடியறப்பவே குழியில படுத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. ஒண்ணு நிக்குது, ஒண்ணு படுத்துக்கிடக்குது. திருப்பிச் சொருகினேன். மௌஸாவோட மருதாணி மிச்சம் இருந்துச்சு, அதுல கோடு போட்டேன். இத்தாவுல நான் வெச்சுக்கக் கூடாது, ஷாஃப்ட் வெச்சுக்கலாம்.

முகட்டுக்கு ரொம்ப தூரத்துல இருந்தே அழுத்தினேன். நடுங்கலை. ஏறிடுச்சு. உச்சியில நிறுத்தாம அந்தப் பக்கம் இறங்கி, கிணத்தடிக்குப் போயித்தான் நின்னேன். தண்ணி பிடிச்சுக்கிட்டுத் திரும்பறப்ப ஹிலாலோட லாரி குடில் வாசல்ல நிக்குது. பீப்பாயெல்லாம் பின்னாடி தளும்ப, நான் அவர் பக்கத்துல போய் வண்டியை நிறுத்தினேன். எங்க பொம்பளைங்க போடுற முகமூடியோட உக்காந்திருந்தேன். உம்மாதான் பேசுச்சு: "வந்தது வந்துட்டீங்க, தண்ணி வேணுமா? எங்ககிட்ட நிறைய இருக்கு." ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் போனார்.

உங்க கடுதாசியோட கடைசிப் பக்கத்தை உம்மாகிட்டப் படிச்சுக் காட்டலை. நான் மட்டும் படிச்சேன். கோவமா இருக்கேன் அக்கா. செத்த குட்டியில ஒண்ணு மௌஸா பேர் வெச்சது. என்ன எழுதுறதுன்னு தெரியல, அதான் வண்டியைப் பத்தி மட்டும் எழுதினேன்.

ஹம்தா


சினாவ்
28 மே 1997

ஹம்தா,

மூன்று வாரமாக மர்ஹூன் வாசலில் இருமாமல் போய்விடுகிறார். உன் கோபம் நியாயமானது. இது பதில் வாங்குவதற்காக எழுதும் கடிதமில்லை.

புத்தகத்தில் பார்த்தேன். கிராஸுக்கும் சொருகும் பற்களுக்கும் அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும். மணலில் ஓடும் வண்டிக்கு இன்னும் அடிக்கடி. பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை அடைக்க வேண்டும், அது மணலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி கடையில் கேட்டு வாங்கினாள். "இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு வண்டி கிரீஸா?" என்று கடைக்காரன் சிரித்தானாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வேறு செய்தி இல்லை. காலையில் முற்றத்தைப் பெருக்குகிறேன். மாலையில் மறுபடியும் பெருக்குகிறேன். நடுவில் யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

நதீரா


கலூஃப் போற வழியில
ஜூலை 5

அக்கா,

இத்தா முடிஞ்சுது. உங்களுக்கும் அன்னைக்குத்தானே முடிஞ்சிருக்கும், ரெண்டு பேருக்கும் ஒரே நாள். கடற்கரையில எங்க ஆளுங்ககிட்டப் போறோம். உம்மா பின்னாடி, ஆடுங்களுக்கு நடுவுல, ராணி மாதிரி உக்காந்திருக்கு. மௌஸா என் பக்கத்துல, ஒவ்வொரு முகட்டுலயும் "இன்னும் வேகமா"ங்கறா. இங்கே ஒரு கிணத்தடியில மாமாவைப் பாத்தோம், அவர்கிட்ட இதைக் குடுக்கறேன். கலூஃப்ல இருந்து உங்க பக்கம் வர்ற ஆள் யாருமில்ல. குளிர் வந்துதான் திரும்புவோம்.

கிரீஸ் டப்பா வந்துச்சு. பதில் போடலை. கோவம் போகலைன்னு இல்ல. கோவம் எப்பவோ போயிடுச்சு, அதுக்கப்புறம் எழுத வெக்கமா இருந்துச்சு.

ஒண்ணு சொல்லணும். போன வியாழன் குட்டி விக்க சந்தைக்கு வந்தேன். வித்துட்டு உங்க வாசலுக்கு வந்தேன். பச்சைக் கதவு, மாமா சொன்ன அடையாளம். வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். அவர் படுத்த கட்டிலைப் பாக்கணும்னு இருந்துச்சு. உங்களையும். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, சத்தம் கேட்டு நீங்க வருவீங்கன்னு பாத்தேன். வரலை. நம்ம மேல இஷ்டமில்லை போலன்னு கிளம்பிட்டேன். இறங்கித் தட்டியிருக்கலாம். தட்டலை.

ஹம்தா


சினாவ்
10 ஜூலை 1997

ஹம்தா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக ஆளில்லை. மர்ஹூனிடம் கேட்டேன், இந்த முறை கதவைத் திறந்து, வாசலில் நின்று, முகம் பார்த்து. "குளிர் வரட்டும் டீச்சரம்மா, அதுவரைக்கும் என் தலைப்பாகைப் பெட்டியில இருக்கட்டும்" என்றார். அதனால் நீ இதைப் படிக்கும்போது நான் பள்ளிக்குத் திரும்பியிருப்பேன், விடைத்தாள்கள் வந்திருக்கும், உன் குட்டிகளில் சில தாயாகியிருக்கும்.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். உச்சி வெயில். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது கேட்டது. நின்றும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இத்தா முடிந்து ஐந்து நாள் ஆகியும் என் கால்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான்கு மாதமாக வாசலில் எந்த வண்டி நின்றாலும் உள்ளே தள்ளிப் போய் நின்று பழகிவிட்டேன். அன்றும் கையில் அரிசியோடு உள்ளறைக்குப் போய் நின்றேன்.

உன் வண்டியில் அவர் வருவது எனக்குத் தெருமுனையிலேயே தெரியும். கியர் மாற்றும்போது அடியில் அந்தப் பழைய ஷாஃப்டிலிருந்து ஒரு 'டக்' வரும், பிறகு வாசல் வரை கடகடவென்று ஒரு தாளம். அந்தச் சத்தம் கேட்டு அடுப்பில் கஹ்வாவை ஏற்றுவேன். அந்த வண்டியை எனக்கு அதைக் கொண்டுதான் தெரியும், அதற்குள் உட்கார்ந்ததே இல்லை. அன்று நின்ற வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஹிலாலின் விருந்தாளி யாராவது வழி தவறி வந்திருப்பார் என்றும், யாரோ வண்டியை நன்றாக வைத்திருக்கிறார் என்றும் நினைத்தேன். அது போன பிறகு வெளியே வந்து அரிசியை உலையில் போட்டேன்.

கட்டில் அதே இடத்தில் இருக்கிறது. நான் வேறு அறையில் படுக்கிறேன்.

குளிர் வந்து திரும்பும்போது இந்தப் பக்கமாக வா. வாசலில் நிறுத்தி ஹாரனை அடி. நீண்ட நேரம் அடி, தெரு முழுக்கக் கேட்கட்டும். உன் வண்டியின் சத்தம் இப்போது எனக்குத் தெரியாது.

நதீரா